பரஸ்பர சம்மதமா, வழக்காடுவதா, முதலில் ஜீவனாம்சமா? பிரிவதற்கு முன் எடைபோட வேண்டியவை

இனி சேர்ந்து வாழ முடியாது என்று முடிவாகிவிட்டால் வக்கீலிடம் கேட்கப்படும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான்: “எத்தனை மாதத்தில் முடியும்?” கேட்பதில் தப்பில்லை. ஆனால் அந்த ஒரு கேள்வியை மட்டும் வைத்து வழியைத் தேர்ந்தெடுத்தவர்கள்தான், தீர்ப்பு கைக்கு வந்த பிறகும் பள்ளிக் கட்டணத்துக்காகவும் குழந்தையைப் பார்க்கும் நேரத்துக்காகவும் மறுபடி கோர்ட் படி ஏறுகிறார்கள். விவாகரத்துத் தீர்ப்பு ஒருநாள் வந்து முடிந்துவிடும். பணமும் குழந்தையும் அதற்குப் பிறகு பத்துப் பதினைந்து வருடம் ஓடும் விஷயங்கள். அதனால் வழிகளை ஒப்பிடும்போது வேகத்தை நான் கடைசியில்தான் வைப்பேன். பணத்துக்கும் குழந்தைக்கும் எந்த வழி உறுதியான பதில் தருகிறது என்பதே முதலில் பார்க்க வேண்டியது.

இந்தக் கட்டுரை தமிழ்நாட்டில் இந்துத் திருமணச் சட்டம், 1955இன் கீழ் வரும் திருமணங்களைப் பற்றியது. 1967இல் சேர்க்கப்பட்ட 7ஏ பிரிவால் சட்ட அங்கீகாரம் பெற்ற சுயமரியாதைத் திருமணங்களும் இதில் அடங்கும். மற்றவர்களுக்கான வேறுபாடுகளை இடையில் சுருக்கமாகச் சொல்கிறேன்.

முத்திரைத்தாள் ஒரு வழியே அல்ல

ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையிலோ, மகளிர் காவல் நிலையத்தில் பேசி முடித்த கையோடோ, நூறு ரூபாய் முத்திரைத்தாளில் “இன்று முதல் எங்களுக்குள் எந்தச் சம்பந்தமும் இல்லை” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொள்வது இன்றும் நடக்கிறது. நோட்டரி முத்திரையும் இருந்தால் முடிந்தது என்று நம்பிவிடுகிறார்கள். சட்டப்படி அவர்கள் அதற்குப் பிறகும் கணவன் மனைவிதான். சமூக வழக்கப்படியான விவாகரத்தைச் சட்டத்தின் 29ஆவது பிரிவு விட்டுவைத்திருக்கிறது என்பது உண்மை. ஆனால் அப்படியொரு வழக்கம் தொன்றுதொட்டு இருந்துவருகிறது என்பதைக் கோர்ட்டில் சாட்சியத்தோடு நிரூபிக்க வேண்டும். அந்தத் தாளை நம்பி மறுமணம் செய்தவர்களின் இரண்டாவது திருமணம் செல்லாது. இருதார மணக் குற்றச்சாட்டும் வரலாம்.

பெண்களுக்கு இதில் இன்னொரு ஆபத்து இருக்கிறது. ஜீவனாம்சம் தரும் குற்றவியல் நடைமுறைப் பிரிவில், இருவரும் மனமொத்துத் தனித்தனியாக வாழ்ந்தால் மனைவி ஜீவனாம்சம் கேட்க முடியாது என்று ஒரு வரி உண்டு. “மனமொத்துப் பிரிந்து வாழ்கிறோம்” என்ற முத்திரைத்தாளைக் கணவன் தரப்பு அப்படியே கோர்ட்டில் நீட்டும். விவாகரத்தும் கிடைக்காமல் ஜீவனாம்சமும் சிக்கலாகும். ஆகவே, யார் வற்புறுத்தினாலும் அதில் கையெழுத்துப் போட வேண்டாம்.

பரஸ்பர சம்மதம்: எளிது, ஆனால் ஒப்பந்தம்தான் எல்லாம்

1976இல் சேர்க்கப்பட்ட 13பி பிரிவின்படி, ஒரு வருடமாவது பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். இருவரும் சேர்ந்து மனு போட வேண்டும். அது முதல் மோஷன். ஆறு மாதம் கழித்து, பதினெட்டு மாதத்துக்குள், இருவரும் மறுபடி வந்து அதே முடிவில் இருக்கிறோம் என்று சொல்ல வேண்டும். அது இரண்டாவது மோஷன். பிரிந்து வாழ்வது என்றால் வேறு வேறு வீடு என்றுதான் பலர் நினைக்கிறார்கள். ஒரே கூரையின் கீழ் இருந்தாலும் கணவன் மனைவியாக வாழவில்லை என்றால் போதும் என்று உச்ச நீதிமன்றம் 1991இலேயே சொல்லிவிட்டது. வாடகைக்கு இன்னொரு வீடு பார்க்க முடியாத குடும்பங்களுக்கு இது முக்கியம்.

அந்த ஆறு மாதத்தைத் தள்ளுபடி செய்யலாமா? செய்யலாம். 2017இல் அமர்தீப் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், அது கட்டாயமல்ல, கோர்ட்டின் விருப்புரிமைக்கு உட்பட்டது என்றது. ஆனால் நிபந்தனைகள் உண்டு. முதல் மனுவுக்கு முன்பே ஒரு வருடமும் கூடுதலாக ஆறு மாதமும் பிரிந்திருக்க வேண்டும், சமரச முயற்சிகள் தோற்றிருக்க வேண்டும், ஜீவனாம்சம், குழந்தை பற்றியெல்லாம் நிஜமாகவே பேசி முடித்திருக்க வேண்டும். கடைசி நிபந்தனையைக் கவனியுங்கள். பேச வேண்டியதை முன்பே பேசி முடித்தவர்களுக்குத்தான் கோர்ட்டும் சீக்கிரம் விடுதலை தருகிறது.

இந்த வழியின் பெரிய பலம், யாரும் யார் மீதும் குற்றம் நிரூபிக்க வேண்டியதில்லை. படுக்கையறைச் சண்டையைக் குறுக்கு விசாரணையில் ஊரார் முன் சொல்ல வேண்டியதில்லை. குடும்ப நீதிமன்றம் சம்மதத்தின் பேரில் தரும் தீர்ப்புக்கு மேல்முறையீடும் கிடையாது. அதனால் முடிந்தது முடிந்ததுதான்.

பலவீனமும் அங்கேயேதான் இருக்கிறது. தீர்ப்பு வரும்வரை யார் வேண்டுமானாலும் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். பணத்தை முழுவதுமாக முதல் மோஷனிலேயே கொடுத்துவிட்டுத் தவிக்கும் கணவன்மார் உண்டு. “இரண்டாவது மோஷனில் தருகிறேன்” என்ற வாய்வார்த்தையை நம்பி நகைப் பட்டியலில் கையெழுத்துப் போட்டுக்கொடுத்த பெண்களும் உண்டு. நடைமுறையில் நல்லது, தொகையில் ஒரு பகுதியை முதல் மோஷனிலும் மீதியை இரண்டாவது மோஷனில் நீதிபதி முன்னாலேயே டிடியாகவும் கொடுப்பது. சீர்வரிசைப் பொருட்களும் நகையும் எந்தத் தேதியில், யார் முன்னிலையில் கைமாறுகின்றன என்பதையும் எழுத வேண்டும். சீதனமாக வந்த நகை பெண்ணின் சொத்து. அதைச் செட்டில்மென்ட் தொகைக்குள் சேர்த்துக் கணக்கு காட்டுவதை ஒப்புக்கொள்ளாதீர்கள்.

வரதட்சணைக் கொடுமை வழக்கு நிலுவையில் இருந்தால் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். “வழக்கை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்” என்று ஒப்பந்தத்தில் எழுதினால் மட்டும் அது போய்விடாது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 498ஏ, இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவின் 85ஆவது பிரிவு, சமரசம் செய்துகொள்ளக்கூடிய குற்றமல்ல. உயர் நீதிமன்றத்தில் மனுப் போட்டு ரத்து செய்ய வேண்டும். தென் மாவட்டக்காரர்கள் அதற்கு மதுரைக் கிளைக்குப் போக வேண்டியிருக்கும். அந்த மனுவுக்கு மனைவி எப்போது ஒத்துழைப்பார், செலவு யாருடையது என்பதையும் சேர்த்தே எழுதுங்கள்.

வழக்காடிப் பெறும் விவாகரத்து: எப்போது வேறு வழியில்லை

13ஆவது பிரிவு காரணங்களைக் கேட்கிறது: கொடுமை, இரண்டு வருடம் கைவிட்டுப் போனது, வேறொருவருடன் உறவு, மதமாற்றம், தீராத மனநோய், ஏழு வருடம் தகவலே இல்லாமை போன்றவை. தொழுநோய் என்ற காரணம் 2019இல் நீக்கப்பட்டது. அதிகம் பயன்படுவது கொடுமைதான். உடலில் காயம் இருக்க வேண்டியதில்லை, மனத்துக்கு இழைக்கும் கொடுமையும் கொடுமையே என்பது நிலைபெற்ற சட்டம். ஆனால் அன்றாடச் சலிப்பும் சில்லறைச் சண்டைகளும் அதற்குள் வராது. சமர் கோஷ் வழக்கில் 2007இல் உச்ச நீதிமன்றம் இரண்டுக்கும் நடுவில் கோடு போட்டுக் காட்டியது.

நோட்டீஸ், பதில் மனு, கவுன்சலிங், மீடியேஷன், இடைக்கால மனுக்கள், சாட்சி, குறுக்கு விசாரணை என்று இது வருடக்கணக்கில் இழுக்கும் வழி. வாய்தாவுக்கு வாய்தா வேலையிலிருந்து லீவு போட வேண்டும். எதிர்த்தரப்பு வராமலே இருந்தால் எக்ஸ்பார்ட்டி தீர்ப்பு கிடைக்கும், ஆனால் பிறகு வந்து அதை ரத்து செய்யக் கேட்கவும் வாய்ப்புண்டு.

“திருமணம் சீர்செய்ய முடியாதபடி முறிந்துவிட்டால் உடனே விவாகரத்து என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டதே” என்று கேட்பவர்கள் இப்போது அதிகம். 2023 மே மாதம் ஷில்பா சைலேஷ் வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு சொன்னது, அரசமைப்பின் 142ஆவது பிரிவில் உள்ள தனி அதிகாரத்தைக் கொண்டு உச்ச நீதிமன்றம் அப்படிச் செய்யலாம் என்பதுதான். குடும்ப நீதிமன்றத்துக்கு அந்த அதிகாரம் இல்லை. நேராக உச்ச நீதிமன்றத்தில் ரிட் போட்டும் கேட்க முடியாது. உங்கள் ஊர் கோர்ட்டில் இதை நம்பி வழக்குப் போடாதீர்கள்.

இவ்வளவு சொல்லியும், வழக்காடுவதே சரியான வழியாக இருக்கும் நிலைமைகள் உண்டு. வருமானத்தை மறைக்கிறார், சொத்தை அண்ணன் தம்பி பெயருக்கு மாற்றுகிறார் என்றால், சம்மத மனுவில் நீங்கள் இருட்டில் கையெழுத்துப் போடுகிறீர்கள். அடிதடி இருந்த வீட்டில் “பேசித் தீர்ப்போம்” என்பது சம பலமுள்ள இருவரின் பேச்சு அல்ல. மிரட்டி வாங்கிய சம்மதம் சம்மதமே இல்லை. இந்த இரண்டு நிலைமைகளிலும் சீக்கிரம் முடியும் என்பதற்காகப் பரஸ்பர சம்மதத்துக்குள் தள்ளப்படும் பெண்களைப் பார்க்கும்போதுதான் எனக்கு மனசு ஆறுவதில்லை. வழக்குப் போட்ட பிறகு உண்மையான கணக்கு வெளிவந்து, நடுவில் அதையே சம்மத மனுவாக மாற்றிக்கொள்ள எந்தத் தடையும் இல்லை. மீடியேஷனில் அப்படி முடியும் வழக்குகள் ஏராளம்.

நீதிமன்றப் பிரிவினை என்று 10ஆவது பிரிவில் ஒன்று இருக்கிறது. திருமணம் முறியாமல், சேர்ந்து வாழும் கடமை மட்டும் நிற்கும். ஒரு வருடம் சேராவிட்டால் அதையே காரணமாக வைத்து விவாகரத்து கேட்கலாம். மதநம்பிக்கைக்காகவோ குழந்தைகளுக்காகவோ திருமணத்தை முறிக்க மனமில்லாதவர்களுக்கு இது உதவும். மற்றவர்களுக்கு இரண்டு முறை கோர்ட்டுக்குப் போகும் வேலைதான்.

கிறிஸ்தவர்களுக்கு 1869ஆம் ஆண்டு விவாகரத்துச் சட்டத்தில் பரஸ்பர சம்மதத்துக்கு இரண்டு வருடப் பிரிவு என்று எழுதியிருக்கிறது. கேரள உயர் நீதிமன்றம் அதை ஒரு வருடமாக வாசித்தது. இங்கே மனுப் போடும் முன் உங்கள் வக்கீலிடம் இதைக் கேட்டுத் தெளியுங்கள். முஸ்லிம் பெண்கள் குலா (மனைவி கேட்டுப் பெறும் விவாகரத்து) பெறும்போது ஜமாத்தோ தனி அமைப்போ தரும் சான்றிதழ் போதாது, குடும்ப நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023இல் தீர்ப்பளித்தது. பதிவுத் திருமணம் செய்து சிறப்புத் திருமணச் சட்டத்துக்குள் வந்தவர்களுக்கு நான் மேலே சொன்ன ஒரு வருடம், ஆறு மாதம் எல்லாம் பெரும்பாலும் அப்படியே பொருந்தும்.

விவாகரத்து கேட்காமலே பணமும் பாதுகாப்பும் கேட்கும் வழி

பலருக்கு இதுதான் முதலில் போக வேண்டிய வழி. ஆனால் கடைசியில்தான் தெரியவருகிறது. சோற்றுக்கும் வாடகைக்கும் வழியில்லாத பெண் விவாகரத்து வழக்கில் தொடங்க வேண்டியதே இல்லை.

ஒன்று, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆவது பிரிவு. 2024 ஜூலை 1 முதல் அது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144ஆவது பிரிவு. கோர்ட் வட்டாரத்தில் எம்.சி. என்பார்கள். மதம் பார்க்காத சட்டம் இது. மனைவி, குழந்தைகள், வயதான பெற்றோர் என எல்லோரும் கேட்கலாம். விவாகரத்தாகி மறுமணம் செய்யாத பெண்ணும் கேட்கலாம். விவாகரத்தான முஸ்லிம் பெண்ணுக்கும் இந்த உரிமை உண்டு என்பதை 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் மறுபடி உறுதிசெய்தது. மாதம் 500 ரூபாய்தான் உச்சவரம்பு என்று ஒரு காலத்தில் இருந்தது, 2001இல் அதை எடுத்துவிட்டார்கள். இதன் பலம் வசூலில் இருக்கிறது. கொடுக்காவிட்டால், ஒவ்வொரு மாத பாக்கிக்கும் ஒரு மாதம் வரை சிறை. ஆனால் பாக்கி விழுந்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் வசூல் மனு போட வேண்டும். “பார்ப்போம், தருவார்” என்று இரண்டு வருடம் காத்திருந்தவர்கள் பழைய பாக்கியை இந்த வழியில் இழந்துவிடுகிறார்கள்.

அடுத்தது, 2005ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டம். இது பெண்கள் மட்டும் போகக்கூடியது. பணத்தோடு நிற்பதில்லை. வீட்டை விட்டு வெளியேற்றக் கூடாது என்ற உத்தரவு, நெருங்கக் கூடாது என்ற பாதுகாப்பு உத்தரவு, குழந்தையின் தற்காலிகக் கஸ்டடி, நஷ்ட ஈடு எல்லாவற்றையும் ஒரே மனுவில் கேட்கலாம். வீடு மாமனார் பெயரில் இருக்கிறது என்பதற்காக மட்டும் மருமகளுக்கு அங்கே வசிக்கும் உரிமை இல்லாமல் போகாது என்று 2020இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. மனு போட சமூக நலத் துறையின் பாதுகாப்பு அலுவலர் உதவுவார். உயிருக்கு ஆபத்து, இன்றிரவு தங்க இடமில்லை என்றால் இதைத்தான் முதலில் எடுக்க வேண்டும், 181 என்ற எண்ணுக்கு அழைப்பதோடு சேர்த்து.

மூன்றாவது, விவாகரத்து வழக்கு நடக்கும்போதே கேட்கும், இந்துத் திருமணச் சட்டத்தின் 24ஆவது பிரிவு இடைக்கால ஜீவனாம்சமும், தீர்ப்போடு கேட்கும் 25ஆவது பிரிவு நிரந்தர ஜீவனாம்சமும். வருமானமில்லாத கணவனும் இவற்றின் கீழ் மனைவியிடம் கேட்கலாம். 24ஆவது பிரிவு மனுவை நோட்டீஸ் சேர்ந்து 60 நாட்களுக்குள் முடிக்கப் பார்க்க வேண்டும் என்று சட்டம் சொன்னாலும் நடைமுறையில் அதைத் தாண்டும்.

மூன்றிலும் தனித்தனியாகக் கேட்டால் மூன்று மடங்கு கிடைக்குமா? கிடைக்காது. 2020 நவம்பரில் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை ஒழுங்குபடுத்தியது. முதல் வழக்கில் கிடைத்த தொகையை அடுத்த வழக்கில் மறைக்காமல் சொல்ல வேண்டும், அது கழித்துக்கொள்ளப்படும். இருவருமே சொத்து, வருமானம், கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும். ஜீவனாம்சம் மனு போட்ட தேதியிலிருந்து கணக்காகும். இந்தக் கடைசி விதியால், தாமதிக்கும் ஒவ்வொரு மாதமும் மனைவிக்கும் குழந்தைக்கும் நஷ்டம்.

எவ்வளவு கிடைக்கும்? “சம்பளத்தில் 25 சதவீதம்” என்று எல்லோரும் சொல்கிறார்கள். 2017இல் ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் கணவனின் நிகர சம்பளத்தில் அந்த அளவு நியாயமாக இருக்கும் என்றதிலிருந்து பரவியது அது. சட்டத்தில் அப்படி விகிதம் எதுவும் இல்லை. இருவர் வருமானம், வாழ்ந்த தரம், குழந்தை யாரிடம், பெற்றோர் பொறுப்பு, கடன் எல்லாம் பார்த்துத்தான் முடிவாகும். மனைவி படித்தவர், அதனால் சம்பாதிக்க முடியும் என்பது மட்டும் ஜீவனாம்சத்தை மறுக்கக் காரணமாகாது. சம்பாதிக்கும் தகுதி வேறு, சம்பாதிப்பது வேறு. அதேபோல, உடல்நலமுள்ள கணவன் வேலையில்லை என்று சொல்லித் தப்பிக்கவும் முடியாது.

மொத்தமாகவா, மாதாமாதமா?

கணக்குப் போட்டே பார்க்கலாம். கையில் 60,000 ரூபாய் சம்பளம் வாங்கும் கணவன், வேலையில்லாத மனைவி, ஆறு வயது மகள் என்று வைத்துக்கொள்வோம். 12 லட்சம் ஒரே தடவையாகத் தருகிறேன் என்கிறார். இல்லையென்றால் மனைவிக்கு 10,000, குழந்தைக்கு 8,000, மாதம் 18,000.

12 லட்சத்தை ஏழு சதவீத வட்டியில் வங்கியில் போட்டால் மாதம் 7,000 வரும். அசலைத் தொடாமல் இருந்தால்தான் அதுவும். மாதம் 18,000 என்றால் மகளுக்குப் பதினெட்டு வயதாகும்வரை, பன்னிரண்டு வருடத்தில், ஏறக்குறைய 26 லட்சம். காகிதத்தில் மாதத் தொகை ஜெயித்துவிட்டது. ஆனால் அவர் வேலை மாறினால்? வெளிநாடு போனால்? மூன்று மாதம் நிறுத்திவைத்துப் பார்த்தால்? ஒவ்வொரு முறையும் மனு, வாய்தா. மனைவி மறுமணம் செய்தால் அவருக்கான பத்தாயிரமும் நிற்கும். மொத்தத் தொகைக்கு அந்தப் பயம் இல்லை. வரிக் கணக்கிலும் வித்தியாசம் உண்டு. மொத்தத் தொகையை மூலதன வரவாகப் பார்ப்பதால் பொதுவாக வருமான வரி விழாது, மாத ஜீவனாம்சம் வருமானமாகக் கணக்காகும்.

என் யோசனை, இரண்டையும் பிரிப்பது. மனைவிக்கான பங்கை மொத்தமாக வாங்கிக்கொண்டு வீட்டு அட்வான்ஸோ, ஒரு படிப்போ, சிறு தொழிலோ என்று காலூன்றுவது. குழந்தைக்கான பங்கை மாதத் தொகையாகவே வைத்து, வருடத்துக்கு இவ்வளவு சதவீதம் கூடும் என்று எழுதுவது. இன்றைய 8,000 ரூபாய்க்கு ஆறு வருடம் கழித்து என்ன மதிப்பிருக்கும் என்று யோசித்தால் இந்த ஒரு வரியின் அருமை புரியும். பள்ளிக் கட்டணத்தைக் கணவன் நேரடியாகப் பள்ளிக்குக் கட்டுவதாக எழுதினால் சண்டை பாதி குறையும். கணவனுக்கு நிலையான வேலை இல்லை, சொந்தத் தொழில், கணக்கே தெரியாது என்றால் மட்டும் குழந்தையின் பங்கையும் மொத்தமாக வாங்கி, குழந்தை பெயரில் வைப்புநிதியாகப் போட வேண்டும்.

இன்னொன்று, “எனக்கும் குழந்தைக்கும் எதுவும் வேண்டாம், விடுதலை போதும்” என்று எழுதிக்கொடுப்பது. தன் உரிமையை ஒரு பெண் விட்டுக்கொடுக்கலாம். குழந்தையின் ஜீவனாம்ச உரிமை குழந்தையுடையது, அம்மா கையெழுத்துப் போட்டு அதை அழிக்க முடியாது. ஆகவே அப்பாக்களே, அந்த வரியை நம்பி நிம்மதியாக இருக்காதீர்கள்.

குழந்தை: தனிக் கஸ்டடியா, பகிர்ந்த வளர்ப்பா?

ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தை வழக்கமாக அம்மாவிடம் இருக்க வேண்டும் என்று 1956ஆம் ஆண்டு இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டம் சொல்கிறது. ஐந்து முடிந்ததும் அப்பாவிடம் போய்விடும் என்று அதைத் திருப்பிப் புரிந்துகொள்பவர்கள் நிறைய. அப்படியொரு விதி இல்லை. அதே சட்டத்தின் 13ஆவது பிரிவு குழந்தையின் நலனே எல்லாவற்றுக்கும் மேல் என்கிறது. அம்மா வேலைக்குப் போகிறார் என்பதோ, அப்பாவுக்குச் சம்பளம் அதிகம் என்பதோ தனியாக எதையும் தீர்மானிக்காது. விவரம் தெரிந்த வயதென்றால் நீதிபதி குழந்தையைத் தன் அறைக்கு அழைத்துத் தனியாகப் பேசுவார்.

பகிர்ந்த வளர்ப்பு நம் சட்டங்களில் வரையறுக்கப்படவில்லை. 2015இல் சட்ட ஆணையம் தன் 257ஆவது அறிக்கையில் அதைப் பரிந்துரைத்தது. சட்டம் வராவிட்டாலும் இருவரும் ஒப்புக்கொண்டு எழுதினால் கோர்ட் ஏற்கும். குழந்தைக்கு இரண்டு பெற்றோரின் அன்பும் வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனாலும் வாரத்தில் பாதி அங்கே, பாதி இங்கே என்பது இருவரும் ஒரே ஊரில், பள்ளிக்கு அருகில் இருந்தால் மட்டும்தான் நடக்கும். ஒருவர் திருநெல்வேலி, ஒருவர் சென்னை என்றால் பள்ளி நாட்களில் ஒருவரிடமும், காலாண்டு, அரையாண்டு, கோடை விடுமுறைகளில் பெரும்பகுதி இன்னொருவரிடமும் என்பதுதான் குழந்தை தாங்கக்கூடியது. வன்முறையோ குடிப்பழக்கமோ இருந்த இடத்தில் பகிர்ந்த வளர்ப்பைப் பேசவே வேண்டாம். மூன்றாம் ஆள் மேற்பார்வையில், குடும்ப நீதிமன்ற வளாகத்திலோ வேறு பாதுகாப்பான இடத்திலோ பார்க்கும் ஏற்பாடு போதும்.

“விசிட்டேஷன் உரிமை உண்டு” என்று ஒரே வரியில் எழுதிய ஒப்பந்தங்கள்தான் அதிகம் உடைகின்றன. எழுத வேண்டியது இப்படி: மாதத்தின் முதல், மூன்றாவது சனிக்கிழமை காலை 10 மணிக்கு அம்மா வீட்டு வாசலில் அப்பா அழைத்துக்கொள்வார், ஞாயிறு மாலை 6 மணிக்கு அதே இடத்தில் விடுவார். தீபாவளி ஒற்றைப்படை வருடத்தில் அப்பாவிடம், பொங்கல் அம்மாவிடம், அடுத்த வருடம் மாற்றி. பிறந்தநாளில் இருவருக்கும் தலா மூன்று மணிநேரம். புதன், ஞாயிறு இரவு 7.30 முதல் அரைமணி வீடியோ கால். குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் அந்த வாரம் வீட்டிலேயே வந்து பார்க்கலாம். பாஸ்போர்ட்டுக்கும் வெளியூர்ப் பள்ளி மாற்றத்துக்கும் யார் சம்மதம் வேண்டும், எத்தனை நாள் முன்பு சொல்ல வேண்டும். தாத்தா பாட்டி பார்க்கலாமா என்பதும். படிக்க அற்பமாகத் தோன்றும். ஆனால் பின்னால் வரும் சண்டைகள் எல்லாம் இந்த அற்ப விஷயங்களில்தான் தொடங்குகின்றன.

“பணம் தரவில்லை, அதனால் பார்க்க விடமாட்டேன்” என்பதும் “பார்க்க விடவில்லை, அதனால் பணம் தரமாட்டேன்” என்பதும் கோர்ட்டில் எடுபடாது. இரண்டும் தனித்தனி உத்தரவுகள், தனித்தனியாகவே அமல்படுத்தப்படும். குழந்தையைப் பள்ளி வாசலிலிருந்து சொல்லாமல் தூக்கிக்கொண்டு போவது அதைவிட மோசம். ஆட்கொணர்வு மனு உயர் நீதிமன்றத்துக்குப் போகும், அப்படிச் செய்தவர் மீது நீதிபதிக்கு நம்பிக்கை போய்விடும். கஸ்டடி உத்தரவு எதுவும் கடைசி உத்தரவு அல்ல. குழந்தை வளர வளர, சூழ்நிலை மாற மாற, மாற்றக் கேட்கலாம். ஜீவனாம்சத் தொகையையும் அப்படியே.

எதில் தொடங்குவது

வன்முறை இருந்தால் குடும்ப வன்முறைச் சட்டம் முதலில், விவாகரத்து பிறகு. வன்முறை இல்லை, ஆனால் பணம் நின்றுபோய்விட்டது, பிரிவதா சேர்வதா என்று தெளிவில்லை என்றால் 144ஆவது பிரிவு மனு. அது சேர்ந்து வாழும் வாய்ப்பை மூடுவதில்லை. இருவருக்கும் தெளிவு இருக்கிறது, வருமானம் ஒளிவுமறைவில்லை என்றால் மீடியேஷனில் உட்கார்ந்து ஒப்பந்தத்தை வரி வரியாக எழுதிப் பரஸ்பர சம்மதம். ஒருவர் அறவே ஒத்துவரவில்லை, அல்லது கணக்கு காட்ட மறுக்கிறார் என்றால் இந்துத் திருமணச் சட்டத்தின் 13ஆவது பிரிவில் வழக்காடும் விவாகரத்து. மனைவி தான் வசிக்கும் ஊரிலேயே விவாகரத்து மனு போடலாம் என்பது 2003 முதல் சட்டம். ஆகவே கணவன் ஊர் கோர்ட்டுக்கு அலைய வேண்டியதில்லை. குடும்ப நீதிமன்றம் இல்லாத இடங்களில் சார்பு நீதிமன்றம்.

வக்கீல் கட்டணத்துக்குப் பயந்து முத்திரைத்தாளில் கையெழுத்துப் போடுபவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின்படி பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பே இல்லாமல் இலவச வக்கீல் உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும், தாலுகா அளவிலும் குழுக்கள் உண்டு. போகும்போது திருமணப் பத்திரிகை அல்லது பதிவுச் சான்று, குழந்தையின் பிறப்புச் சான்றிதழ், ஆதார், கணவனின் சம்பளச் சீட்டோ வங்கிக் கணக்கு விவரமோ கிடைத்தால் அதன் நகல், பள்ளிக் கட்டண ரசீது, நகை வாங்கிய பில் அல்லது கல்யாணத்தில் போட்டிருந்த நகை தெரியும் போட்டோ, இவற்றை எடுத்துப் போங்கள். பில் எதுவும் இல்லையென்றாலும் போங்கள், மனு எழுதத் தொடங்கப் பத்திரிகையும் போட்டோவும் போதும்.